விடைக்குறிப்பில் இல்லாத விடை

(குடவாசல் ஒன்றிய ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘உயர்கல்வியில் அரசியல் சார்பும் கருத்துப் பன்மையும்’ என்ற தலைப்பைக் கேட்டதும், “கல்லூரிக்காரர்கள் பேச வேண்டியதை நாம் ஏன் பேசுகிறோம்?” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியை என் காதில் கேட்டார். நியாயமான கேள்விதான். நமக்கே எண்ணும் எழுத்தும் பதிவேடு, எமிஸ் பதிவேற்றம், முதல் பருவத் தேர்வு என்று தலைக்கு மேல் வேலை. பல்கலைக்கழகப் பாடத்திட்டம் யாருக்கு என்ன ஆனால் நமக்கென்ன?

எனக்கும் அப்படித்தான் இருந்தது, போன பொங்கல் விடுமுறை வரைக்கும். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். விவசாயக் கூலிக் குடும்பம். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இப்போது வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை படிக்கிறாள். எந்தப் பல்கலைக்கழகம் என்பது நம் பேச்சுக்குத் தேவையில்லை. படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“எந்தப் புரொபசருக்கு எது பிடிக்கும்னு முதல் மாசத்துலயே தெரிஞ்சிடும் டீச்சர். ஒருத்தருக்கு ஒரு கட்சி பேசுற மாதிரி எழுதணும். இன்னொருத்தருக்கு அதுக்கு நேர் எதிரா எழுதணும். நான் ரெண்டும் எழுதிடுவேன். உங்க கிளாஸ்லயே கத்துக்கிட்டதுதானே!”

பாராட்டாகத்தான் சொன்னாள். கரும்பும் பொங்கலும் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் இரவெல்லாம் தூங்கவிடவில்லை. அது பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் வெளியே நடந்த சில விஷயங்களைப் பார்த்துவிடலாம். அவற்றில் நம் ஆட்களும் இருக்கிறார்கள்.

2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். ஆங்கில ஆனர்ஸ் பட்டப்படிப்பின் ஐந்தாம் பருவத்தில் ‘பெண்களின் எழுத்து’ என்று ஒரு தாள். அதிலிருந்து மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதை, பாமாவின் ‘சங்கதி’, சுகிர்தராணியின் கவிதைகள் ஆகியவை நீக்கப்பட்டன. இவர்களில் பாமா ஆசிரியராகப் பணியாற்றியவர். சுகிர்தராணி ராணிப்பேட்டை மாவட்டம் லாலாப்பேட்டையில் அரசுப் பள்ளித் தமிழாசிரியர். நம்மைப் போல வருகைப்பதிவேடு எழுதியவர்கள், விடைத்தாள் திருத்தியவர்கள். நம் மாநிலத்துப் பள்ளி ஆசிரியை எழுதிய தமிழ்க் கவிதை மொழிபெயர்க்கப்பட்டு டெல்லி வரைக்கும் பாடமாகப் போயிருக்கிறது என்பதே நம்மில் பலருக்கு, அது நீக்கப்பட்ட பிறகுதான் தெரிந்தது. எனக்கும்தான்.

பாடத்திட்டத்தை மாற்றவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. பாடத்திட்டம் என்றால் மாறத்தான் செய்யும். கேள்வி, யார் மாற்றினார்கள், எப்படி மாற்றினார்கள் என்பது. ஆங்கிலத் துறை ஆசிரியர்கள் உருவாக்கிய பட்டியலில் மேற்பார்வைக் குழு ஒன்று கைவைத்தது. கல்விக்குழுக் கூட்டத்தில் 15 உறுப்பினர்கள் எதிர்ப்புக் குறிப்புக் கொடுத்தார்கள். அதையும் மீறி முடிவு நிறைவேறியது. யார் மனமும் புண்படக் கூடாது என்பது பல்கலைக்கழகத் தரப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. ‘திரௌபதி’யில் ஒரு பழங்குடிப் பெண்ணுக்கு இழைக்கப்படும் கொடுமை இருக்கிறது. படிப்பவர் மனம் புண்படத்தான் செய்யும். புண்படாமல் அதைப் படித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இது டெல்லி. அதற்கு முந்திய ஆண்டு நம் மாநிலத்திலேயே நடந்தது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆங்கிலப் பாடத்தில் 2017 முதல் அருந்ததி ராயின் புத்தகம் ஒன்று இருந்தது. மாவோயிஸ்டுகளோடு காட்டுக்குள் பயணம் செய்து அவர் எழுதியது. 2020 நவம்பரில் ஒரு மாணவர் அமைப்பு புகார் கொடுத்ததும் அது நீக்கப்பட்டது. அந்த இடத்தில் மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகளை வைத்தார்கள். கிருஷ்ணன் அருமையான எழுத்தாளர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். பறவைகளையும் யானைகளையும் பற்றி அவர் எழுதியதை நம் பிள்ளைகள் எல்லாரும் படிக்க வேண்டும். ஆனால் இந்த இடத்தில் அவர் வந்து உட்கார்ந்ததில் எனக்கு வருத்தம்தான். சண்டைக்குரிய புத்தகத்தை எடுத்துவிட்டுச் சண்டையில்லாத புத்தகத்தை வைப்பதற்கு அவரைப் பயன்படுத்திவிட்டார்கள்.

அருந்ததி ராய் சொல்வதை நான் ஏற்கிறேனா என்றால், பாதிக்கு மேல் ஏற்கவில்லை. அந்தப் புத்தகத்தோடு, காட்டில் கொல்லப்பட்ட காவலர் குடும்பங்களைப் பற்றிய எழுத்தையும் சேர்த்து வைத்துப் படிக்கச் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன். முதுகலை மாணவருக்கு இருபத்திரண்டு வயது. நாட்டின் பிரதமரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கிறவரால் ஒரு புத்தகத்தைப் படித்து “இது தவறு” என்று சொல்ல முடியாதா?

2015-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தைப் பெயரில்லாத ஒரு புகாரின் தொடர்ச்சியாக ரத்து செய்ததும், எதிர்ப்பு எழுந்தபின் ஜூன் மாதத்தில் திருப்பிக் கொடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதே வளாகத்தில் விவேகானந்தர் பெயரிலும் ஒரு வாசகர் வட்டம் உண்டு. இரண்டும் இருக்கட்டுமே. ஒரு சுவரில் இரண்டு சுவரொட்டி ஒட்ட இடமில்லாத வளாகத்தைப் பல்கலைக்கழகம் என்று எப்படிச் சொல்வது?

இதுவரை சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மேலே சொன்னவை எல்லாம் ‘அவர்கள்’ செய்தது. ‘நாம்’ செய்தது ஒன்றும் உண்டு.

2012 மே மாதம். என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் 1949-ல் கார்ட்டூனிஸ்ட் சங்கர் வரைந்த படம் ஒன்று இருந்தது. அரசியலமைப்பு என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் சாட்டையோடு உட்கார்ந்திருப்பார். பின்னால் நேருவும் சாட்டையோடு நிற்பார். நாடாளுமன்றத்தில் அந்தப் படத்துக்கு எதிர்ப்புக் கிளம்பியது. குரல் எழுப்பியவர்களில் நம் சிதம்பரம் தொகுதி உறுப்பினரும் ஒருவர். அம்பேத்கரை ஒருவர் சாட்டையால் விரட்டுவதுபோல் பார்த்தால் ஒரு தலித் மாணவனுக்கு என்ன தோன்றும் என்ற கேள்வியில் வலி இருந்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அரசு அந்தப் படத்தை விலக்குவதாக அறிவித்தது. பாடநூலின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் பதவி விலகினார்கள்.

அடுத்த மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இருந்த இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே. லட்சுமணின் கார்ட்டூனுக்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு. எதிரெதிர்க் கட்சிகள் எல்லாம் ஒரே குரலில் நீக்கச் சொன்னார்கள். நானும் ஆசிரியர் ஓய்வறையில் அந்தக் குரலோடு சேர்ந்துகொண்டேன். மாணவர்கள் மொழிக்காக உயிர் கொடுத்ததைக் கேலி செய்கிறார்களே என்று கோபம்.

பாடநூல்களை ஆராய சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைத்தார்கள். பல படங்களை நீக்கலாம் என்று அது பரிந்துரைத்தது. அதில் உடன்படாமல் தனியாக மறுப்புக் குறிப்பு எழுதியவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன். அவர் யார்? திராவிட இயக்க வரலாற்றை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். எம்.ஜி.ஆர். அரசியலைப் பற்றியும் பிராமணர் – பிராமணரல்லாதார் அரசியலைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் உலகம் முழுக்கப் படிக்கப்படுகின்றன. அந்தக் கார்ட்டூனைக் கண்டு கோபப்பட என்னைவிட அவருக்குக் காரணம் அதிகம். ஆனால் பிடிக்காத படம் வேறு, பாடநூலில் இருக்கக் கூடாத படம் வேறு என்று அவர் பிரித்துப் பார்த்தார். அந்தக் குறிப்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. 2014 நவம்பரில் அவர் காலமானார். நம் சமூக அறிவியல் ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

அதற்கும் முந்திய வருடம் நடந்தது உங்களில் என் வயதுக்காரர்களுக்கு மறக்காது. 2011. பள்ளி திறந்து இரண்டு மாதம் பாடநூல் இல்லை. சமச்சீர் கல்வி வழக்கில் ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் புத்தகம் கைக்குக் கிடைத்தது. கூடவே, எந்தெந்தப் பகுதிகளை நீக்க வேண்டும், மறைக்க வேண்டும் என்ற பட்டியலும் வந்தது. நான் ஸ்டிக்கர் ஒட்டினேன். வகுப்பில் உட்கார்ந்து, பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து, ஒவ்வொரு புத்தகமாக ஒட்டினேன். ஒரு பையன் ஒட்டிய பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வாய்விட்டுப் படித்தான். மறைக்காமல் இருந்திருந்தால் அவன் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டான்! எந்த ஆட்சி, யார் எழுத்து என்பதைப் பேச நான் இங்கே நிற்கவில்லை. ஆட்சி மாறினால் பக்கம் மாறும் என்று அன்றைக்கு முப்பது பிள்ளைகள் என் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

சரி, ஆசிரியருக்குச் சார்பே இருக்கக் கூடாதா? அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 நம்மைக் கட்சியில் சேரக் கூடாது என்கின்றன. கருத்தே இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் 1917-ல் முனிச்சில் மாணவர்கள் முன் பேசும்போது இதைத் தொட்டார். மேடையில் அரசியல் பேசினால் எதிராளி எழுந்து பதில் சொல்ல முடியும், வகுப்பறையில் மாணவனால் அது முடியாது என்பது அவர் வாதம். அதனால் ஆசிரியர் அங்கே தன் கட்சியை விற்கக் கூடாது. அதோடு, மாணவன் எந்தக் கட்சிக்காரனாக இருந்தாலும் அவன் கட்சிக்கு வசதியில்லாத உண்மைகளை அவனுக்குக் காட்டுவதே ஆசிரியரின் முதல் வேலை என்றார். எனக்கு வசதியில்லாத உண்மைகளையும் சேர்த்துத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் இப்போது இந்த விவாதம் வேறு பக்கம் போயிருக்கிறது. அங்கே பேராசிரியர்களில் பெரும்பாலோர் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள் என்று கணக்கெடுப்புகள் சொல்கின்றன. எதிர்ப்பக்கத்தவரையும் சமமாக நியமிக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கட்சிக்கு இத்தனை பேராசிரியர், அந்தக் கட்சிக்கு இத்தனை என்று பங்கு போட்டால், கல்லூரி கூட்டுறவுச் சங்கத் தேர்தல் மாதிரி ஆகிவிடும். பத்துப் பேராசிரியரும் ஒரே கொள்கைக்காரராக இருந்தாலும், மாற்றி எழுதிய மாணவனுக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது என்றால் அங்கே பன்மை இருக்கிறது. ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம் என்று இருந்து, ஐந்து பேருக்கும் ஐந்து விதமாக மாணவி நடிக்க வேண்டியிருந்தால், அங்கே என்ன இருக்கிறது?

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் இருக்கிறார். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்து உ.வே. சாமிநாதையர். 1880-ல் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராக வருகிறார். திருவாவடுதுறை ஆதீனத்தில், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எல்லாம் தலைகீழ்ப் பாடம். அங்கே முனிசீப்பாக வந்த சேலம் ராமசாமி முதலியார், “சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். படித்ததில்லை. சீவக சிந்தாமணி சமண நூல். சைவர்கள் அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த நூலில் ஊறிய அரசனைத் திருப்பத்தான் சேக்கிழார் பெரியபுராணமே பாடினார் என்பது சைவ மரபுக் கதை.

அவர் என்ன செய்தார்? உரையில் வரும் சமணக் கருத்துகள் புரியவில்லை என்றதும் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போனார். அங்கே அவர்கள் சிந்தாமணியைப் பக்தியோடு வாசித்து வருவதைப் பார்த்தார். சந்தேகம் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1898-ல் பௌத்த நூலான மணிமேகலை. நெற்றி நிறைய விபூதியோடு இருந்தவர் கடைசி வரைக்கும் அப்படியே இருந்தார். தன் நம்பிக்கையை விட்டுவிட்டு அவர் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. நடுநிலை என்றால் கருத்தே இல்லாமல் காலியாக இருப்பது என்று நாம் நினைக்கிறோம். அந்த நினைப்பு தவறு என்பதற்கு இங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில் சாட்சி இருக்கிறது.

இப்போது என் மாணவியிடம் வருகிறேன்.

அவள் பத்தாம் வகுப்பு படித்தபோது அரையாண்டுத் தேர்வில் பசுமைப் புரட்சி பற்றி 5 மதிப்பெண் வினா. விடைக்குறிப்பில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: உயர்விளைச்சல் விதை, உரம், பாசனம், உணவுத் தன்னிறைவு. அவள் அதில் இரண்டைத்தான் எழுதியிருந்தாள். மீதியில், தன் தாத்தா காலத்து நெல் ரகங்கள் காணாமல் போனது, வயலில் நண்டும் நத்தையும் குறைந்தது, விளைச்சல் கூடியபோது கூலி கூடவில்லை என்று தாத்தா சொன்னது எல்லாம் எழுதியிருந்தாள். கையெழுத்துகூட நன்றாக இருந்தது. குறிப்பில் இல்லை என்று 2 மதிப்பெண் போட்டேன். அவள் வந்து கேட்டாள். “பப்ளிக்ல இப்படி எழுதினா போயிடும்மா, குறிப்புல இருக்கறதை எழுது” என்றேன். முழுத்தேர்வில் குறிப்பில் இருந்ததை அப்படியே எழுதினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

அவள் எழுதியது எதுவும் கற்பனை இல்லை. நம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2018-ல் இறக்கும்வரை ஊர் ஊராக அலைந்து பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டது எதற்காக? கூலிக்காக இந்த டெல்டா என்ன விலை கொடுத்தது என்பதற்கு, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேர் இருக்கிறார்கள். அதே சமயம் குறிப்பில் இருந்ததும் பொய்யில்லை. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏ.டி.டி. 27 அறுபதுகளின் நடுவில் வந்தபோது, குறுகிய காலத்தில் குறுவை எடுக்க முடிந்தது. ரேஷனுக்குக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்த நாடு அது. என் அப்பா அந்த நெல்லைப் பற்றிக் கண்கலங்கிப் பேசுவார். இரண்டும் உண்மை. நான் ஒன்றுக்கு மதிப்பெண் போட்டேன், இன்னொன்றுக்குப் போடவில்லை. எந்தக் கட்சியும் எனக்குச் சொல்லவில்லை. எந்தக் குழுவும் பட்டியல் அனுப்பவில்லை. டெல்லியில் 15 பேராவது எதிர்ப்புக் குறிப்புக் கொடுத்தார்கள். என் வகுப்பில் அதுவும் இல்லை.

இப்போது ஒன்பதாம் வகுப்பில் ஒரு சின்ன மாற்றம் செய்து பார்க்கிறேன். பருவத்துக்கு ஒரு வினா, பசுமைப் புரட்சி மாதிரி, காவிரிப் பங்கீடு மாதிரி, இரண்டு பக்கம் உள்ளது. முதலில் தனக்குப் பிடிக்காத பக்கத்தை, அந்தப் பக்கத்துக்காரர் படித்தால் “ஆமாம், இதுதான் நான் சொல்வது” என்று ஒப்புக்கொள்கிற மாதிரி எழுத வேண்டும். அதற்கு 3 மதிப்பெண். பிறகு தன் கருத்து, ஆதாரத்தோடு. அதற்கு 2. முடிவு எதுவாக இருந்தாலும் அதற்கு மதிப்பெண் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உரக்கடை வைத்திருப்பவர் மகன் இயற்கை விவசாயத்தின் பக்கத்தை அவ்வளவு நன்றாக எழுதினான். கீழே தன் கருத்தில், “இருந்தாலும் எங்கள் கடையை மூட முடியாது” என்று எழுதியிருந்தான். நேர்மையான பையன், 5 போட்டேன்.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஒரு பெற்றோர் வந்து, “பிள்ளையைக் குழப்பாதீங்க டீச்சர், எது ரைட்டுன்னு சொல்லிக் கொடுத்துடுங்க” என்றார். சாதி பற்றிய பேச்சு வந்தபோது வகுப்பு இரண்டு பெஞ்சாகப் பிரிந்து உட்கார்ந்தது. மறுநாள் அவர்களைக் கலந்து உட்கார வைக்கவே ஒரு பாடவேளை போனது. தீண்டாமைக்கும் ‘இரண்டு பக்கம்’ எழுதச் சொல்வீர்களா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். மாட்டேன். அரசியலமைப்பின் 17-ஆவது கூறு முடித்துவைத்ததை நான் திறக்க மாட்டேன். ஆனால் எது முடிந்த கேள்வி, எது இன்னும் திறந்த கேள்வி என்று ஒவ்வொரு முறையும் நான் ஒருத்தியே முடிவு செய்கிறேன். அதிலும் என் சார்பு இருக்கும். பத்தாம் வகுப்புக்கு வந்தால் இன்றைக்கும் “குறிப்பில் இருப்பதை எழுது” என்றுதான் சொல்கிறேன். பிள்ளையின் மதிப்பெண்ணை வைத்து நான் சோதனை செய்ய முடியாது. இதற்கு என்னிடம் விடை இல்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணுக்குப் போன மாதம் போன் செய்து, அந்த 2 மதிப்பெண் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு நினைவே இல்லை. “அதையா டீச்சர் இவ்வளவு நாள் வச்சிருக்கீங்க?” என்றாள். தாத்தா சொன்ன நெல் ரகங்களின் பெயர் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். மூன்று சொன்னாள். நாலாவதை அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

நேரமாகிவிட்டது என்று கருத்தாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரு வேண்டுகோள் மட்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, விடைக்குறிப்பில் இல்லை என்பதற்காக நீங்கள் மதிப்பெண் குறைத்த ஒரு விடைத்தாளைக் கொண்டு வாருங்கள். பெயரை மறைத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து மறுபடி திருத்திப் பார்ப்போம். பசுமைப் புரட்சித் தாள் என்னிடம் இப்போது இல்லை. வேறு மூன்று வைத்திருக்கிறேன், எடுத்து வருகிறேன்.